டேபிள் டென்னிஸ் மேசைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேட்டிருப்பது இது: சென்னை கிண்டியில் 60 பேர் வேலை பார்க்கும் ஒரு டிசைன் அலுவலகம். எல்லோரும் நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். ஆபீஸை ஜாலியாகவும் ஆரோக்கியமாகவும் மாற்றச் சொல்லி நிர்வாகம் இந்த ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. டேபிள் டென்னிஸ் மேசை, பீன் பேக், காலையில் யோகா வகுப்பு, மாதம் ஒரு 'ஃபன் ஃப்ரைடே' என்று நான்கு யோசனைகள் கையில் இருக்கின்றன. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இந்த நான்கில் எதிலிருந்தும் ஆரம்பிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். அலுவலக நிர்வாகத்திலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது. நான் பார்த்தவரை, தன் நேரமும் தன் வேலையும் ஓரளவாவது தன் கையில் இருக்கிற ஆபீஸில்தான் மனிதர்கள் சிரித்துப் பேசுகிறார்கள். அது இல்லாத இடத்தில் எந்த விளையாட்டுச் சாமானும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்குவதில்லை. அதனால் முதலில் அன்றாடம் ஆட்களை வதைக்கும் விஷயங்களைக் கண்டுபிடித்து எடுங்கள். கொண்டாட்டத்துக்கு அப்புறம் வருவோம்.

கண்டுபிடிப்பது எளிது. 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஜிம், கோவா டூர் என்று பட்டியல் வரும். 'போன வாரம் இந்த ஆபீஸில் உங்களை மிகவும் எரிச்சல்படுத்தியது எது?' என்று கேளுங்கள். பெயர் போடாத துண்டுச் சீட்டு, ஒரு அட்டைப் பெட்டி, ஒரு வாரம். ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், வாசல் செக்யூரிட்டி, ஆபீஸ் பையன் எல்லோருக்கும் சீட்டு கொடுங்கள். எழுதத் தயங்குபவர்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். வரும் பதில்கள் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: மூன்றாவது மாடி டாய்லெட்டில் தண்ணீர் வரவில்லை; ஏசி நேராகத் தலையில் அடிக்கிறது; இரவு பத்து மணிக்கு குரூப்பில் மெசேஜ் வருகிறது; லீவு கேட்டால் மூன்று நாள் கழித்துத்தான் பதில்; பைக் நிறுத்த நிழல் இல்லை. உங்கள் 3 லட்சம் எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பெட்டியே பாதி சொல்லிவிடும்.

யோகா வகுப்பை ஏன் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1953-ல் ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் மாடி பஸ்களின் ஊழியர்களை ஆராய்ந்து எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உட்கார்ந்தே இருப்பது உடம்புக்குக் கேடு என்ற பேச்சுக்கு அடித்தளம் போட்டது அந்த ஆராய்ச்சிதான். ஆனால் மோரிஸ் அதோடு விடவில்லை. 1956-ல் அவர்களுடைய யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் பேன்ட் இடுப்பளவு வேலைக்குச் சேரும்போதே கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. அதாவது வித்தியாசத்தில் ஒரு பங்கு வேலையால் வந்தது, ஒரு பங்கு ஆட்கள் வரும்போதே கொண்டுவந்தது.

ஆபீஸ் ஆரோக்கியத் திட்டங்களிலும் இதேதான் நடக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் ஏறக்குறைய 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பரிசோதனை, வகுப்பு, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்துப் பார்த்தது. விரும்பிச் சேர்ந்தவர்கள் சேரும் முன்பே மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருந்தவர்கள். மருத்துவச் செலவிலோ வேலைக்கு வராத நாட்களிலோ சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை. காலை 7 மணி யோகாவுக்கு யார் வருவார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஏற்கெனவே நடைப்பயிற்சி போகிறவர்கள் வருவார்கள். இரண்டு குழந்தைகளுக்கு டிபன் கட்டிவிட்டு, தாம்பரத்திலிருந்து ரயில் பிடித்து வரும் பெண்ணுக்கு அந்த வகுப்பால் ஒரு பயனும் இல்லை. அவருக்குப் பயன்பட வேண்டுமென்றால், வரும் எல்லோரையும் தொடுகிற விஷயத்தில் கைவைக்க வேண்டும். காற்று, தண்ணீர், நாற்காலி, சாப்பாடு, வேலை நேரம்.

காற்றிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் இதை யாரும் சீட்டில் எழுத மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத தொல்லை இது. உங்கள் ஆபீஸில் ஸ்பிளிட் ஏசி என்றால், அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. ஜன்னல் எல்லாம் சாத்தி, 60 பேர் காலை முதல் விட்ட மூச்சு அங்கேயே தங்குகிறது. மதியம் மூன்று மணிக்கு எல்லோருக்கும் வரும் தலைபாரத்துக்கும் கொட்டாவிக்கும் சாம்பார் சாதத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி ஹாலின் நடுவில் வையுங்கள். வெளிக்காற்றில் இது 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) அளவில் இருக்கும். உள்ளே 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். மீட்டிங் அறையில் எட்டுப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிய பிறகு அங்கே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், எண் எங்கே நிற்கிறது என்று. அதை நிர்வாகத்திடம் காட்டினால் அதற்குமேல் நீங்கள் வாதாடத் தேவையிருக்காது.

தீர்வு பெரிய செலவில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒன்று உள்ளிழுக்க, ஒன்று வெளித்தள்ள என்று எக்ஸாஸ்ட் ஃபேன்கள். காலையில் ஏசி போடுமுன் கால் மணி நேரம், மதிய உணவு நேரத்தில் கால் மணி நேரம் ஜன்னல்களைத் திறந்துவைப்பது. ஒருவருக்குச் சளி பிடித்தால் வரிசையாகப் பத்துப் பேருக்குப் பிடிப்பதும் இதனால் குறையும். ஏசி ஃபில்டரைக் கழுவிய தேதியை ஒரு சீட்டில் எழுதி அதன் அடியிலேயே ஒட்டுங்கள். அப்போதுதான் அது நடக்கும்.

ஏசி ரிமோட் சண்டை எல்லா ஆபீஸிலும் உண்டு. 18-ல் வைத்துவிட்டு ஒருவர் நிம்மதியாக இருப்பார், வென்ட்டுக்குக் கீழே இருப்பவர் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு டைப் அடிப்பார். 2020 முதல் இந்தியாவில் விற்கும் நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதையே ஆபீஸ் விதியாக வைத்து மேலே சீலிங் ஃபேனையும் ஓட விட்டால் சென்னை மே மாதத்துக்கும் போதும். நேரடியாகக் காற்றடிக்கும் இருக்கைகளுக்கு மேல் ஏசி வாயில் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு மாட்டலாம். குளிர் பிடிக்காதவருக்கும் குளிர் வேண்டியவருக்கும் இடம் மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். இதற்கு மேலிடத்து ஒப்புதல் எல்லாம் கேட்க வைக்காதீர்கள்.

அடுத்து நாற்காலி. விலை உயர்ந்த நாற்காலி வாங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆபீஸ்களில் இருக்கும் நாற்காலியே போதும், அதை யாரும் சரிசெய்து உட்காருவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு நாள் மதியம் ஒவ்வொரு மேசையாகப் போங்கள். பாதம் முழுதாகத் தரையில் படுகிறதா? உயரம் குறைவானவர்களுக்கு அநேகமாகப் படாது; நுனிக்காலில் உட்கார்ந்திருப்பார்கள், தொடையின் அடிப்பக்கம் இருக்கை விளிம்பில் அழுந்தும். அவர்களுக்குக் கால் வைக்க ஒரு மனை போதும். முழங்கை மேசை உயரத்துக்கு வருகிறதா? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கிறதா? லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்து வேலை செய்பவர்களுக்கு இது சாத்தியமே இல்லை. திரையை உயர்த்தினால் கீபோர்டு உயர்ந்துவிடும், கீபோர்டை இறக்கினால் கழுத்து குனிந்துவிடும். லேப்டாப் ஸ்டாண்ட், தனி கீபோர்டு, மவுஸ் மூன்றும் சேர்த்து ஆளுக்குச் சுமார் 2,000 ரூபாயில் முடியும். எல்லோருக்கும் வாங்கினாலே 1,20,000 ரூபாய்தான். உங்கள் பணத்தில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு நாள் உதவக்கூடிய வேறு செலவு எனக்குத் தெரியவில்லை. கழுத்து வலியோடு வீட்டுக்குப் போகிறவரிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளையாட வா என்று கூப்பிட்டு என்ன பயன்?

டாய்லெட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்கள் நடத்தும் ஆபீஸ்களில் இது கடைசி வரிக்குப் போய்விடுகிறது. ஆபீஸ் டாய்லெட் சரியில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களை நான் எல்லா ஆபீஸ்களிலும் பார்த்திருக்கிறேன். வெளியில் சொல்ல மாட்டார்கள். மேசையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும், சாயங்காலமும் அதே அளவில் இருக்கும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், லீவு எடுக்கும்போது 'காய்ச்சல்' என்று எழுதுவார்கள். சென்னை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஆணுக்கும் பெண்ணுக்கும் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும். எவ்வளவு செலவழித்து வாட்டர் பியூரிஃபையர் வைத்தாலும், கழிப்பறை சரியாக இல்லையென்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க ஆள் இருக்காது.

என்ன செய்ய வேண்டும் என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. எல்லாக் கதவிலும் தாழ்ப்பாள் வேலை செய்ய வேண்டும். கதவுக்குப் பின்னால் பை மாட்ட ஒரு கொக்கி. ஒவ்வொரு அறையிலும் மூடியோடு குப்பைக்கூடை. நாப்கின் ஒரு திறந்த டப்பாவில், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி. கேட்டு வாங்க வேண்டுமென்று அட்மின் மேசை டிராயருக்குள் வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். மேலே டேங்கில் மதியம் தண்ணீர் தீர்ந்துவிடுகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை சுத்தம் செய்ய ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் போதுமா, இரண்டே பேரை வைத்துக்கொண்டு மூன்று மாடியைத் துடைக்கச் சொல்கிறோமா என்பதையும் பாருங்கள். போதாவிட்டால் இன்னொருவரை வேலைக்கு எடுப்பது பீன் பேக்கைவிடப் பல மடங்கு நல்ல செலவு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி தமிழ்நாட்டில் நூறு பெரியவர்களில் 14 பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் 60 பேரில் சிலருக்கு அது இருந்தே தீரும், சிலருக்கு இருப்பதே தெரியாது. இவர்களுக்கு நாம் ஒரு நாளைக்கு நான்கு டீ கொடுக்கிறோம், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 32 கிராம். ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. டீயிலேயே அந்த 25 தாண்டிவிட்டது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தினால் புரட்சி வெடிக்கும், வெடிக்கவும் வேண்டும். சர்க்கரை போடாமல் டீ போட்டு, பக்கத்தில் சர்க்கரை டப்பா வையுங்கள். போட்டுக்கொள்பவர் போட்டுக்கொள்ளட்டும். தானே அள்ளிப் போடும்போது நிறையப் பேர் ஒரு ஸ்பூனில் நிறுத்திக்கொள்வார்கள். வெயில் காலத்தில் பதினொரு மணிக்கு மோர்: தண்ணியாக, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், கொஞ்சம் உப்பு.

நாலு மணிக்கு சமோசா, பஜ்ஜி, கிரீம் பிஸ்கட் வருகிற இடத்தில் சுண்டலைக் கொண்டுவாருங்கள். 60 பேருக்கு 2 கிலோ கொண்டைக்கடலை போதும். முந்தின நாள் சாயங்காலம் கிளம்பும்போது ஊறவைத்துவிட்டுப் போகலாம். மறுநாள் உப்புப் போட்டுக் குக்கரில் வேகவைத்து, கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காயும் சீசனில் மாங்காயும் போட்டால் ஆளுக்குப் பத்து ரூபாய்க்குள் அடங்கும். ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் வேர்க்கடலை. ஏற்கெனவே பிஸ்கட்டுக்கும் சமோசாவுக்கும் போகிற பணத்திலேயே இது நடக்கும், 3 லட்சத்தைத் தொட வேண்டாம். ஆபீஸில் அடுப்பு வைக்க இடமில்லை என்றால் பக்கத்தில் வீட்டிலிருந்து சமைத்துத் தரும் யாரிடமாவது மாதக் கணக்குக்குச் சொல்லலாம்.

இதைவிட முக்கியமானது எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது. மேசையிலேயே டப்பாவைத் திறந்து திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் ஆபீஸில் ஒருவருக்கொருவர் பழக்கமே இருக்காது. எல்லோரும் உட்காரும்படி நீளமான இரண்டு மேசை, கை கழுவ வாஷ்பேசின், இரண்டு மைக்ரோவேவ். டப்பா திறந்து வத்தக்குழம்பு ஒரு பக்கம், கோவக்காய்ப் பொரியல் இன்னொரு பக்கம் என்று கைமாறத் தொடங்கியதும் பேச்சு தானாக வரும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்த ஆபீஸ் தன்னுடையது என்று முதலில் தோன்றுவது அங்கேதான். இதில் ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: அசைவம் சாப்பிடுகிறவர்களைத் தனி மேசைக்கு அனுப்பாதீர்கள், அசைவம் கொண்டுவரக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டாதீர்கள். வாடை பிடிக்காதவர் தள்ளி உட்கார்ந்துகொள்ளலாம், அது அவர் உரிமை. ஆனால் ஆபீஸே கோடு போட்டுப் பிரித்தால் அதற்கு நம் ஊரில் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப் பிரித்துவிட்டு 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சுவரில் எழுதினால் யார் நம்புவார்கள்? ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் உங்கள் ஆபீஸில் இருந்தால் அதையும் இந்த மாதமே முடித்துவையுங்கள்.

உடற்பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானில் 1928 முதல் வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. இசையோடு மூன்று நிமிடம், நின்ற இடத்திலேயே கைகால் அசைப்பது. அங்கே பல தொழிற்சாலைகளில் காலையில் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். வேர்க்காது, உடை மாற்ற வேண்டாம், புடவையிலும் செய்யலாம். பதினொன்றரைக்கும் நாலரைக்கும் அப்படி ஒரு மூன்று நிமிடம் வையுங்கள், செய்யாதவரை யாரும் கேட்க வேண்டாம். மதியம் சாப்பிட்ட பிறகு பத்து நிமிட நடை சர்க்கரைக்கு மிக நல்லது. வெயிலில் வெளியே போக முடியாது, வராந்தாவில் நடக்கலாம். பிரின்டரை ஆளுக்குப் பக்கத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பது, படிக்கட்டை வெளிச்சமாகவும் துப்பல் கறை இல்லாமலும் வைப்பது, இரண்டு பேர் பேச வேண்டியதை மாடியில் நடந்துகொண்டே பேசுவது, இவ்வளவு போதும்.

இப்போது நான் மிக முக்கியம் என்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். லண்டனில் 1985-ல் தொடங்கி 10,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள், மைக்கேல் மார்மட் தலைமையில். எல்லோரும் நாற்காலியில் உட்காரும் அலுவலக ஊழியர்கள், வறுமையில் இருப்பவர்கள் அல்ல. ஆனாலும் கீழ்ப் பதவிகளில் இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. காரணங்களில் பெரியதாக வெளிப்பட்டது, தன் வேலையைத் தான் தீர்மானிக்க முடியாத நிலை. எதை முதலில் செய்வது, எப்போது இடைவேளை எடுப்பது, எப்படிச் செய்வது என்று எதிலும் தன் சொல் எடுபடாத ஊழியருக்கு மனம் மட்டும் அல்ல, இதயமும் கெடுகிறது. அதேபோல், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று வந்தது, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால். காலை ஒன்பதரைக்கு வந்து இரவு எட்டரைக்குக் கிளம்பி, சனிக்கிழமையும் வருகிறவர் அந்த 55-ஐத் தாண்டிவிடுகிறார். ராத்திரி வீட்டிலிருந்து பார்க்கும் மெயிலை இதில் நான் சேர்க்கவில்லை.

தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே இதற்கு வரம்பு போட்டிருக்கிறது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை. இதை உங்கள் ஆபீஸில் நடைமுறைப்படுத்துவதற்கு ஒரு ரூபாய் ஆகாது, ஆனால் மேலே இருப்பவர்களிடம் பேச உங்களுக்குத் தைரியம் வேண்டும். ஒரு மாதத்து பஞ்ச் நேரங்களை எடுத்து, எந்த டீமில் ஆட்கள் தொடர்ந்து எட்டு மணிக்கு மேல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அநேகமாக ஒன்றிரண்டு டீம்களில்தான் இருக்கும். அங்கே ஆள் குறைவா, அல்லது டீம் லீடர் ஆறு மணிக்கு மேல்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாரா என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

வாட்ஸப் குரூப்புக்கு ஒரு விதி போடுங்கள்: இரவு எட்டு மணிக்கு மேல் காலை எட்டு மணி வரை வேலை சம்பந்தமான மெசேஜ் கிடையாது. நிஜமான அவசரம் என்றால் போன் செய்யலாம். போன் செய்ய வேண்டும் என்றாலே பாதி அவசரங்கள் காலைக்குத் தள்ளிப்போகும். பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் வேலை நேரத்துக்குப் பிறகு மெசேஜுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டன. உங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் விதியை முதலில் மீறப்போவது முதலாளியாகத்தான் இருக்கும். அவருக்கு ராத்திரிதான் யோசனை வரும் என்றால், மெயிலை எழுதி காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவைக்க அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வருகை நேரத்தைத் தளர்த்துங்கள். எட்டிலிருந்து பத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்ததிலிருந்து கணக்கு. கத்திப்பாரா சந்திப்பின் நெரிசலில் ஒன்பது மணிக்கு நிற்பதும் ஏழே முக்காலுக்குக் கடப்பதும் ஒன்றல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவருக்கும், சீக்கிரம் வந்து சீக்கிரம் போக நினைப்பவருக்கும் இது சம்பள உயர்வுக்குச் சமம். லீவு விண்ணப்பத்துக்கு அன்றே பதில் என்று இன்னொரு விதி. 'சரி' என்றாலும் 'முடியாது, காரணம் இது' என்றாலும் அன்றே. தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்குமா என்று மூன்று நாள் தூக்கமில்லாமல் இருப்பவரை எந்த ஃபன் ஃப்ரைடேயும் சிரிக்க வைக்காது.

திட்டும் மேலாளர் ஒருவர் இருந்தால் மேலே சொன்ன எல்லாமே வீண். நாலு பேர் முன்னால் கத்துவது, ஃபைலைத் தூக்கிப் போடுவது, பெண்களிடம் அநாவசியப் பேச்சு, இதற்கெல்லாம் 'அவர் சுபாவம் அப்படி, மனசு தங்கம்' என்று சமாதானம் சொல்லக் கூடாது. 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த அலுவலகத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். உங்கள் ஆபீஸில் குழு இருக்கிறதா என்பதோடு, அதில் யார் இருக்கிறார்கள் என்று ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியுமா என்று பாருங்கள். மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இலவசம், தமிழிலும் பேசலாம். அதை டாய்லெட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் யாராவது பார்க்கும்போது குறித்துக்கொள்ள எல்லோரும் தயங்குவார்கள்.

இதெல்லாம் நடக்க ஆரம்பித்த பிறகு கொண்டாட்டம். நம் ஆபீஸ்களில் இருக்கும் மிகச் சிறந்த விழா ஆயுத பூஜை. முந்தின நாள் மதியத்தோடு வேலை நிற்கும். டிராயரைக் கொட்டிப் பழைய பில், காய்ந்த பேனா, 2019 டைரி எல்லாம் வெளியே வரும். மேலாளர் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைப்பார், கீழே ஏணி பிடித்திருக்கும் ஜூனியர் 'சார், அந்த ஓரம்' என்று அதட்டுவார். மானிட்டர், யுபிஎஸ், பிரின்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அப்புறம் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சுண்டல். பூஜை நேரத்தில் நிற்காத முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்களும் சுத்தம் செய்வதிலும் பொரியிலும் சேர்ந்துகொள்வார்கள். யாரையும் எதிலும் கட்டாயப்படுத்தாதவரை அது எல்லோருக்குமான நாள். அந்த நாள் ஏன் இனிக்கிறது என்று யோசித்தால் வழி கிடைக்கும்: வேலை நேரத்திலேயே நடக்கிறது, எல்லோர் கைக்கும் ஒரு வேலை இருக்கிறது, அன்றைக்கு யாரும் யாருக்கும் பெரியவர் இல்லை, சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

பொங்கலுக்கும், ஓணத்துக்கும், ரம்ஜான் பிரியாணிக்கும், கிறிஸ்மஸ் பரிசுக் குலுக்கலுக்கும் இதையே அளவுகோலாக வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் வேண்டாம்; மாமல்லபுரமோ தட்சிணசித்ராவோ, வேலை நாளில் போங்கள். மேடையேற்றி ஆடச் சொல்லாதீர்கள். சிலருக்கு அது கொண்டாட்டம், சிலருக்கு அதுவே அடுத்த நாள் லீவு போடக் காரணம். கேரம் போர்டு ஒன்று, சதுரங்கப் பலகை இரண்டு சாப்பாட்டு அறையில் வையுங்கள். சதுரங்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டுப் போன ஆட்டத்தை மறுநாள் மதியம் தொடரலாம், அதனால் ஆபீஸுக்கு அது ரொம்பப் பொருத்தம். டேபிள் டென்னிஸ் மேசை 9 அடிக்கு 5 அடி. சுற்றி நின்று ஆட அதைப் போல நான்கைந்து மடங்கு இடம் வேண்டும். கிண்டி வாடகையில் அந்த இடத்தை நாலு பேருக்குக் கொடுப்பதா, 60 பேரும் உட்கார்ந்து சாப்பிடக் கொடுப்பதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஆட்கள் தாங்களாகவே கேட்டு, இடமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க ஸ்டார் ரேட்டிங், ஸ்மைலி எல்லாம் வேண்டாம். ஆறு மாதம் கழித்து நான்கு எண்களைப் பாருங்கள்: வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், திங்கட்கிழமை திடீர் லீவு எத்தனை, எட்டு மணிக்கு மேல் பஞ்ச் எத்தனை, மூன்று மணிக்கு ஹாலில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு. பணத்தைப் பொறுத்தவரை ஸ்டாண்டும் கீபோர்டும் 1,20,000. மீதியில் காற்றோட்டம், டாய்லெட் பழுது, சாப்பாட்டு மேசைகள், இரண்டு விழா என்று பிரித்தால் ஆண்டுக் கடைசியில் கொஞ்சம் கையிலும் இருக்கும். நீங்கள் 50 பேரைத் தாண்டிய அலுவலகம், அதனால் சட்டப்படி குழந்தைகள் காப்பகம் ஏற்பாடு செய்யும் கடமையும் உங்களுக்கு இருக்கிறது. அதை இந்த 3 லட்சத்தில் அடக்காதீர்கள், தனியாகப் பட்ஜெட் கேளுங்கள். அருகிலுள்ள இரண்டு மூன்று அலுவலகங்களோடு சேர்ந்து ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டால் செலவு பிரியும்.

கடைசியாக, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனைப் பாருங்கள். ஏஜென்சி ஆள் என்பதால் உங்கள் 60 பேர் கணக்கில் அவர் வந்திருக்க மாட்டார். 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தம், கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்கிறது. அவருக்கு ஒரு நாற்காலி, தலைக்கு மேல் நிழல், ஒரு ஃபேன், உள்ளே இருப்பவர்கள் பயன்படுத்தும் அதே டாய்லெட், அதே டீ. நாற்காலியை நாளைக்கே வாங்கிப் போடலாம், ஆயிரம் ரூபாய்கூட ஆகாது.